பதினெட்டாம் குழிக்குப் பின்னால்

பெங்களூர்,
3-1-1983.

அன்புள்ள அக்கா சௌந்திரம் அவர்களுக்கு, தம்பி அர்த்தநாரி எழுதுவது.

நாலு வருஷத்தில் இது நான் உங்களுக்கு எழுதும் பதினோராவது கடிதம். முந்திய பத்துக்கும் பதில் இல்லை. இதுவும் அப்படியே போய்விடுமோ என்று பயந்துகொண்டுதான் எழுதுகிறேன். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

எங்கள் கிளப்பில் பிப்ரவரி மாதம் அகில இந்திய கோல்ஃப் போட்டி நடக்கிறது. நாலு நாள் ஆட்டம். பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். வெளிநாட்டிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். எங்களைப் போன்ற வேலையாட்களுக்குக் குடும்பத்துக்கென்று இரண்டு பாஸ் கொடுக்கிறார்கள். ஒன்று என் சம்சாரம் வசந்தாமணிக்கு. இன்னொன்றில் உங்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். கேட்காமல் எழுதியது தப்புத்தான், திட்டுங்கள்.

கோல்ஃப் என்பது என்னவென்று உங்களுக்கு நான் சொன்னதே இல்லை. நம் காடு மாதிரி முப்பது நாற்பது காடு சேர்ந்த அகலத்தில் வெறும் புல். அதில் பதினெட்டு இடத்தில் சின்னச் சின்னக் குழி இருக்கும். ஒரு வெள்ளைப் பந்தைக் குச்சியால் அடித்து ஒவ்வொரு குழியிலும் விழவைத்துக்கொண்டே போக வேண்டும். ஆகக் குறைந்த அடியில் முடித்தவர் ஜெயித்தவர். குழியின் அகலம் நாலேகால் அங்குலம். தினமும் விடிகாலையில் பழைய குழியை மூடிவிட்டு வேறு இடத்தில் புதுசாக வெட்டுவோம். அதன் ஓரம் துளி சரிந்திருந்தாலும் உள்ளே போக வேண்டிய பந்து வெளியே போய்விடும். கடைசி நாள் கடைசிக் குழிதான் ஜெயிப்பு யாருக்கு என்று முடிவு பண்ணும். இந்த வருஷம் அந்தப் பதினெட்டாம் குழியை வெட்டுகிற வேலை எனக்கு.

அதை நம்மவர் ஒருத்தர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அம்மா போனபின் எனக்கு நம்மவர் என்று இருப்பது நீங்கள் ஒருத்தர்தான். என் கல்யாணத்துக்கும் நீங்கள் வரவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இதற்காவது வாருங்கள்.

அர்த்தநாரி


சேந்தமங்கலம்,
12-1-1983.

அர்த்தநாரிக்கு,

எப்போதிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? ஆறு வயசில் உனக்கு மூக்குச் சிந்திவிட்டவளுக்கு எதற்கு இந்த மரியாதை? பிடிக்காத சம்பந்தி வீட்டுக்கு எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறாய்.

நான் ஏன் பதில் போடவில்லை என்று உனக்கு நன்றாகத் தெரியும். தெரியாத மாதிரி எழுதுகிறாய். சரி, நானே சொல்கிறேன், கேட்டுக்கொள். உங்க மச்சான் அந்தத் தை மாசம் கடைசிச் சனிக்கிழமை நெஞ்சு வலிக்குது என்று கட்டிலில் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான். அப்பொழுதே உனக்குத் தந்தி அடிக்கச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் எடுக்க விடாமல் வைத்திருந்தேன். பெரியப்பா மகன் சண்முகவேல் ரோட்டில் நின்று ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தான். நீ வரவில்லை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை உடன்பிறந்தவன் போட வேண்டும். நீ ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அதை நான் சண்முகவேல் கையால் வாங்கினேன்.

பதினைந்து நாள் கழித்து உன் கடுதாசி வருகிறது. போட்டியில் கடைசி நாளாம், நீதான் குழி வெட்ட வேண்டுமாம், லீவு கொடுக்கவில்லையாம். இங்கே உங்க மச்சானுக்கும் ஒரு குழி வெட்டினார்கள் தம்பி. அதில் ஒரு பிடி மண் போட நீ வரவில்லை. இப்போது அதே போட்டிக்கு, அதே குழியைப் பார்க்க வா என்கிறாய். என்ன நெஞ்சழுத்தம் உனக்கு!

இங்கே மழை இல்லாமல் ஊரே காய்ந்து கிடக்கிறது. நம் கிணற்றில் ஒரு குடம் மோக்க வேண்டுமென்றால் பொழுது போய்விடுகிறது. கடலை போட்டது அத்தனையும் கருகிவிட்டது. எருமைக்குக் கரும்புத் தோகையை விலைக்கு வாங்கிப் போடுகிறேன். நீ ஒரு மாடும் மேயாத புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாய்.

ஆனால் ஒன்று. நாலு வருஷமாக எனக்குள் ஒரு கேள்வி. எங்க ஊட்டுச் சாவை விடப் பெரிசாக அந்தப் புல்லில் அப்படி என்னதான் இருக்குது? அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் உன்மேல் கோபப்படுவதற்காவது ஒரு அர்த்தம் இருக்கும். வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. எப்படி வருவது, எங்கே நிற்பது, என்ன ஏது என்று விவரமாக எழுது. அதைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணிக்கொள்கிறேன்.

சௌந்திரம்


பெங்களூர்,
19-1-1983.

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வசந்தாமணி பயந்துபோய், "ஏனுங்க, அக்கா இப்படித் திட்டறாங்களே, நீங்க சிரிக்கறீங்க?" என்று கேட்டாள். நாலு வருஷம் கழித்து உன் திட்டு கிடைத்திருக்கிறது, நான் சிரிக்காமல் என்ன செய்வேன்? நீ எழுதியது எல்லாம் நியாயம். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீ கேட்ட விவரத்தை எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் ராசிபுரம் வழியாகச் சேலம் வந்துவிடு. செவ்வாய்ப்பேட்டையில் இறங்கி அது வாங்குகிறேன் இது வாங்குகிறேன் என்று மூட்டை சேர்க்காதே. சேலத்தில் பெங்களூர் பஸ் ஏறினால் பொழுது இறங்குவதற்குள் வந்துவிடலாம். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் உட்கார், தூக்கிப் போடாது. பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன்.

ஞாயிற்றுக்கிழமை என் வேலை இருட்டோடு ஆரம்பித்துவிடும். உன்னையும் வசந்தாமணியையும் ஒன்பது மணிக்கு உள்ளே விடச் சொல்லியிருக்கிறேன். நிறையப் பேர் ஆட்டக்காரர் கூடவே நாலைந்து மைல் நடப்பார்கள். நீ நடக்க வேண்டாம். எல்லாரும் கடைசியில் வந்து முடிக்கிற இடம் பதினெட்டாம் குழிதான். அதற்குப் பின்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது, நல்ல நிழல். பத்து மணிக்கே போய் இடம் பிடித்துவிடு, மத்தியானத்துக்கு மேல் கூட்டம் சேர்ந்துவிடும். முன்னணியில் இருக்கிறவர்கள் மூன்று மணிக்கு மேல்தான் வருவார்கள். அதுவரை புளிச்சோறு தின்றுகொண்டு வேடிக்கை பார்.

ஆட்டக்காரர் குனிந்துவிட்டால் பேசக் கூடாது. இருமல் வந்தாலும் முந்தானையை வாயில் வைத்துக்கொள். "அடிச்சுத் தொலைடா" என்று நீ சத்தம் போடுவாய் என்று எனக்கு ஒரு பயம் இருக்கிறது. பந்து உன் காலடியில் வந்து விழுந்தாலும் எடுத்துக் கொடுக்காதே, அப்படியே விட்டுவிடு. குழிக்குள் விழுந்தால் கை தட்டு. தவறிப்போனால் உச்சுக் கொட்டலாம். வெற்றிலை போட்டால் துப்ப இடம் கிடையாது, அதனால் சாயங்காலம் வரை வேண்டாம். குளிர் இருக்கும், போர்த்திக்கொள்ள ஏதாவது எடுத்துக்கொள்.

ரொம்ப முக்கியமானது இது. நீ நிற்கப் போவது குழிக்கு நேர் பின்னால். கடைசி அடி அடிக்கிறவர் நிமிர்ந்தால் அவர் கண்ணில் படுவது நீதான். பந்தும் வெள்ளை என்பதால் அந்த இடத்தில் வெள்ளைத் துணி தெரிந்தால் கண்ணை இழுக்கும். ஆகவே வெள்ளையாக மட்டும் எதையும் கட்டிக்கொண்டு வராதே. உன் அரக்குச் சேலை இருக்கிறதே, அதைக் கட்டு. அது உனக்கு எடுப்பாக இருக்கும்.

அர்த்தநாரி


சேந்தமங்கலம்,
26-1-1983.

தம்பி,

நீ எழுதியதெல்லாம் படித்தேன். புளிச்சோறு வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் படித்தேன். கச்சாயம் சுடலாம் என்று அரிசியைக்கூட ஊறப் போட்டேன்.

என்னிடம் நாலு சேலை இருக்கிறது. நாலும் வெள்ளை. அரக்குச் சேலையை அந்தப் பதினாறாம் நாளே யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், யார் என்று நான் கேட்கவில்லை.

உன் அக்காள் இப்போது எப்படி இருக்கிறாள் என்பதே உனக்கு நினைப்பில் இல்லை. உன்மேல் தப்புச் சொல்ல முடியாது. வந்து பார்த்திருந்தால்தானே நினைப்பிருக்கும்.

நான் வரவில்லை. பாஸை வேறு யாருக்காவது கொடுத்துவிடு.

சௌந்திரம்


பெங்களூர்,
31-1-1983.

அக்கா,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. சோறு இறங்கவில்லை. வசந்தாமணியிடம் வயிறு சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் மறந்துவிட்டேன் என்பது நிஜம். உன்னை நினைக்கிறபோதெல்லாம் நீ அரக்குச் சேலை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வருகிறாய். வேறு எப்படியும் உன்னை எனக்கு நினைக்கத் தெரியவில்லை. வேறு மாதிரி பார்த்துவிடக் கூடாது என்றுதான் அன்றைக்கு நான் வரவில்லை.

லீவு கொடுக்கவில்லை என்று எழுதினது பொய். தந்தி ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்துவிட்டது. எங்கள் மேஸ்திரி சடையன் என்கிறவர் நம் பக்கத்து ஆள்தான், உனக்குத் தெரியாது. அவர் தந்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "குழி கெடக்குது போடா, நான் வெட்டிக்கறேன். மொதல்ல நீ ஊட்டுக்குக் கெளம்பு" என்று என்னைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினார். வழியில் ஒரு கடைக்காரரை எழுப்பிக் கோடிச் சேலை வாங்கினேன். கரைகூட இல்லாத வெள்ளை. அதை மடியில் வைத்துக்கொண்டு சேலம் பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

பஸ் கிளம்பியதிலிருந்து ஒரே நினைப்பு. இதை நான்தானே அக்கா மேல் போட வேண்டும்? அம்மாவை எடுக்கும்போது நான் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்று என்னைத் தூக்கிக்கொண்டு சோளக்காட்டுக்குள் போய் உட்கார்ந்திருந்தாயே, உனக்கு அப்போது என்ன வயசு, பதினாறா? எனக்கு அப்படிச் செய்தவளுக்கு நான் கொண்டு போவது இந்தத் துணியா? என் கை அதற்கு வராது அக்கா. சத்தியமாக வராது என்று தோன்றிவிட்டது.

ஓசூரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். இறங்கினேன். திரும்ப ஏறவில்லை. கண்டக்டர் "சேலம், சேலம்" என்று என் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார். நான் வேறு யாரோ மாதிரி நின்றேன். சேலை சீட்டிலேயே போய்விட்டது. அதற்கப்புறம் எத்தனை பஸ் சேலத்துக்குப் போனது! அத்தனையையும் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அங்கே சண்முகவேல் ரோட்டில் நின்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நீ எழுதினாயே, அதைப் படித்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வருஷம் பதினெட்டாம் குழியை வெட்டியது சடையன். நான் இல்லை. அதற்குப் பிறகு நானும் அந்த வேலையைக் கேட்கவில்லை. இப்போது அவர் வேலையை விட்டு நிற்கப் போகிறார், அதனால் என்னைக் கூப்பிட்டு அவராகவே கொடுத்தார். மச்சான் போன அடுத்த மாசமாவது உன்னைப் பார்க்க வந்திருக்கலாம். முதலில் பயம், அப்புறம் வெட்கம், நாள் போகப் போக எந்த முகத்தோடு வருவது என்று ஆகிவிட்டது.

பாஸை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. நீ வராவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

உன் தம்பி


சேந்தமங்கலம்,
5-2-1983.

தம்பிக்கு,

கடுதாசி கிடைத்தது. ஓசூர் வரைக்கும் வந்தாயா.

பக்கத்துத் தோட்டத்து வேலுசாமி வாராவாரம் பெங்களூருக்கு முட்டை லாரி கொண்டு போகிறான். சனிக்கிழமை அதில் கிளம்பி வாரேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப் வாசலில் இறக்கிவிடுகிறானாம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அதே லாரியில் திரும்பிவிடுவேன், எருமை சினையாக இருக்கிறது. உன் மூன்றாவது வரிசை சீட்டெல்லாம் எனக்கு வேண்டாம்.

சேலைக்கு நான் ஒரு வழி பண்ணிக்கொள்கிறேன். அதை நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்காதே.

சௌந்திரம்


பெங்களூர்,
15-2-1983.

அக்கா,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? பரிசளிப்பு, குழியில் நட்ட கொடியைப் பிடுங்குவது, கூட்டத்தை நிறுத்தக் கட்டின கயிற்றைச் சுற்றுவது என்று என்னை விடவே இல்லை. ஓடி வந்து பார்த்தால் லாரி போய்விட்டது என்று வாட்ச்மேன் சொன்னார். காலையில் கேட்டில் பார்த்த அஞ்சு நிமிஷம்தான் எனக்குக் கிடைத்தது.

அந்த அஞ்சு நிமிஷத்தில் நான் உன்னிடம் என்ன பேசினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "பொழுது விடிஞ்சதும் விடியாததுமா என்ன சாப்பாடு, போய் உன்ர வேலையப் பாரு சாமி" என்றாய். லாரியிலிருந்து நீ இறங்கியபோது மச்சானின் காப்பிக்கலர் சால்வையைத் தலையோடு போர்த்திக் கால்வரை மூடியிருந்தாய். வெள்ளை ஒரு நூல் தெரியவில்லை. உன் நெற்றியைத்தான் பார்த்தேன். பார்த்துவிட்டேன் அக்கா. பார்க்க முடியாது என்று பயந்ததைப் பார்த்துவிட்டு, நேராக நின்று உன்னிடம் பேசிவிட்டு, வேலைக்குத்தான் போனேன்.

கடைசி ஆட்டக்காரர் அடித்தபோது நான் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றேன். பந்து உருண்டு வந்து குழி ஓரத்திலேயே நின்றுவிட்டது, பார்த்தாய் அல்லவா? எனக்கு உயிரே போய்விட்டது. ஓரம் சரிந்துவிட்டதோ, நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று. அப்புறம் அதுவே மெள்ள விழுந்தது. சடையன் என் முதுகில் ஒன்று வைத்தார், இன்னும் வலிக்கிறது.

உடனே உன்னைத்தான் பார்த்தேன். எல்லாரும் நின்று கை தட்டுகிறார்கள், நீ மட்டும் தரையில் உட்கார்ந்து முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டிருந்தாய். குலுங்கிக் குலுங்கி அழுதாய் என்றும், கேட்டதற்கு ஒண்ணுமில்லை என்றாய் என்றும் வசந்தாமணி சொல்கிறாள். இரண்டு நாளாக எனக்கு அதே நினைப்பு. உன்னை வரச் சொன்னது தப்பா? இந்த விளையாட்டுக்கா அன்றைக்கு வரவில்லை என்று மறுபடி தோன்றிவிட்டதா? கோபம் என்றால் அதையும் எழுது. மறுபடி நாலு வருஷம் பேசாமல் இருந்துவிடாதே.

அர்த்தநாரி


சேந்தமங்கலம்,
21-2-1983.

அர்த்தநாரி சாமிக்கு, அக்காள் எழுதுவது.

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். எருமை கன்று போட்டிருக்கிறது, கிடாரி. வேலுசாமி நல்ல பிள்ளை, லொடுக்கென்று ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டினான். அத்தனை தூரம் போய் அவன் லாரியில் உடைந்தது ஏழே முட்டை. உங்கள் ஆட்டக்காரர் ஒருத்தர் அடித்த பந்து மரத்தில் மோதி எங்கள் தலைக்கு மேல் போனதே! எடுத்துக் கொடுக்காதே என்றாய், எனக்கு அது எங்கே போனதென்றே தெரியவில்லை.

வசந்தாமணி தங்கமான பெண். நிமிஷத்துக்கு ஒரு தடவை "அக்கா, குளுருதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவ்வளவு புல்லைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை, வெட்டிப் போட்டதில் ஒரு கட்டு எருமைக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை நிஜமாகவே யாரையோ கேட்கக் கிளம்பிவிட்டாள். பிடித்து உட்காரவைத்தேன்.

கோபமா என்று கேட்டிருக்கிறாய். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் நானும் உன்னை மாதிரி பொய் எழுதினவள் ஆவேன். கொஞ்சம் இருக்கிறது. பங்குனியில் வசந்தாமணியைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து, அதை நேரில் வாங்கிக்கொண்டு போ. ஓசூரில் இறங்காதே.

அழுத விஷயத்தைச் சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்க மச்சான் போன அன்றைக்கு ஊரே என்னைக் கட்டிக்கொண்டு அழுதது. எனக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. தம்பி வரட்டும், அவனைக் கட்டிக்கொண்டு அழுதுகொள்ளலாம் என்று வைத்திருந்தேன். அவர்களை எடுக்கிறபோதும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வரவில்லையா, அந்த அழுகையும் வரவில்லை. அப்புறம் எத்தனையோ நாள் தனியாக உட்கார்ந்து பார்த்தேன், வரவே இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்கே அப்படித்தானோ என்று இருந்தது.

அந்தப் பந்து குழி ஓரத்தில் நின்றதும் நான் பந்தைப் பார்க்கவில்லை. உன்னைத் தேடினேன். நீ தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாய். முகம் அப்படியே அம்மா போன அன்றைக்கு இருந்த முகம். ஐயோ, விழுந்துவிடட்டும், என் பிள்ளையைக் காப்பாற்று என்று கருப்பண்ணனைக் கூப்பிட்டேன். விழுந்தது. ஜனம் பூராவும் கை தட்டியது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாலு வருஷத்து அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. உங்க மச்சானுக்காகவும் அழுதேன், ஓசூரில் தனியாக உட்கார்ந்திருந்த உனக்காகவும் அழுதேன்.

எனக்கு இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா நின்றாள், குடை வைத்திருந்தாளே, அவள். நான் அழுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஜெயித்த ஆட்டக்காரனைக் கையால் காட்டி, என்னைக் காட்டி, "சன்? யுவர் சன்?" என்று கேட்டாள். அஞ்சாவது படித்தவளுக்கு அந்த வார்த்தை தெரியாதா? இல்லை என்று தலையாட்டினேன். அவள் கையைப் பிடித்து அந்தப் பக்கமாகத் திருப்பி, கயிற்றோரம் தொப்பியும் கையுமாக நின்ற உன்னைக் காட்டினேன். "சன்?" என்று மறுபடி கேட்டாள்.

ஆமாங்க என்றேன்.

சௌந்திரம்